அழுகிற துரையின் பாட்டு

அமிர்தவல்லி மட்டும் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் செஞ்சி ஊருக்கு ஒரு துரை மிஞ்சியிருப்பான். ஆனால் அவளாவது, சும்மா இருப்பதாவது...

ஆவணி மாதம். வல்லத்தில் கல்யாணம். மணப்பெண் குஞ்சம்மாள் இவளுடைய சிநேகிதி. பந்தலுக்கு வெளியே பூத்தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தாலி கட்டி முடிந்து, முதல் பந்தி எழுந்து, எல்லோரும் வெற்றிலை போட உட்கார்ந்த நேரம். புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே... அடுத்தபடியா, உங்க எல்லாருக்கும் புடிச்ச துரை பாட்டு. சுதந்திரம் குடுத்துட்டுக் கப்பலேறின வெள்ளக்கார துரை ஒருத்தர், நம்ம செஞ்சிக் கோட்டைய நெனச்சு நெனச்சு ஏங்கிப் பாடினது. கேட்டு மகிழுங்கள்."

கூட்டம் கப்சிப் என்று ஆயிற்று. ஒரு பெரியவர் அழுவதற்கு வசதியாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதலில் கம்பி வாத்தியம் ஒன்று வழுக்கி வழுக்கி இழைந்தது. பிறகு கனத்த ஆண் குரல்... மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் விட மனமில்லாமல் விட்டுக்கொண்டு...

அமிர்தவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, குழப்பமும் வந்தது. இந்த மெட்டு அவளுக்குத் தெரியும். நர்ஸ் படிப்புப் படித்த மிஷன் ஆஸ்பத்திரியில் அமெரிக்க சிஸ்டர் ஒருத்தி இருந்தாள். மத்தியானங்களில் எல்லோரும் உட்கார்ந்து புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி வெட்டும்போது இந்த இசைத்தட்டைத்தான் வைக்கச் சொல்வாள். "எங்க ஊர்ல மாடு வச்சிருக்கறவங்க, லாரி ஓட்டறவங்க, சோளம் வெதைக்கறவங்க... அவங்க பாட்டு" என்பாள். பட்டிக்காட்டுப் பாட்டு. ஆனால் அதைப் பாடுகிறவள் ஒரு பெண். நிச்சயமாகப் பெண்.

எழுந்தாள். பந்தலுக்குப் பின்னால் போனாள்.

அங்கே அவன் இருந்தான். ரங்கநாதா சவுண்ட் சர்வீஸ் இளையபெருமாள். பெஞ்சியில் உட்கார்ந்து, மோவாயைக் கையில் தாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தன் பாட்டைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான். நீளமான இமைகள்... அதில் ஒன்றிரண்டு தூறல் துளிகள். துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியொரு லயிப்பு. ஒரு பாட்டை இவ்வளவு ஆசையாகக்கூட ஒருத்தர் கேட்க முடியுமா என்று அவளுக்கு மனசு என்னவோ செய்தது. அப்போதாவது திரும்பிப் போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை.

"ஏங்க... இது துரை இல்லீங்க."

அவன் கண்ணைத் திறந்தான். தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் விழிப்பது போல் விழித்தான்.

"இன்னாங்க?"

"பாடறது பொம்பளைங்க. நீங்க மெதுவா சுத்த வுட்டிருக்கீங்க. அதான் ஆம்பள கொரலா வருது."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க யாரு?"

"இந்த ஊரு ஆஸ்பத்திரி நர்ஸு."

"நான் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்து, நீங்க குத்தறது கோணி தைக்கிற ஊசின்னு என்னிக்காவது சொன்னனா?"

அவ்வளவுதான். அமிர்தவல்லிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. குனிந்தாள். இசைத்தட்டு மெஷினில் வேகத்தை மாற்றும் பிடி ஒன்று இருந்தது. அதை நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்ற இடத்திலிருந்து நகர்த்தி, எழுபத்தெட்டுக்குப் போகவிடாமல் நடுவில் ஒரு விரலால் நிறுத்திப் பிடித்தாள்.

புளியமரத்தின் மேல் துரையின் குரல் கிடுகிடுவென்று ஏறியது. ஒரு சொல்லின் நடுவிலேயே மீசை உதிர்ந்து, கனம் உதிர்ந்து... சின்ன வயதுப் பெண் ஒருத்தி பாட ஆரம்பித்தாள்.

பந்தலில் யாரோ, "அடேய், துரை பொம்பளையாயிட்டான்டா" என்று சொல்ல, சிரிப்பு குபீரென்று கிளம்பியது. துண்டை மடியில் வைத்திருந்த பெரியவர்கூட அந்தத் துண்டாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அமிர்தவல்லி வெற்றியோடு நிமிர்ந்தாள். அவன் கோபமாக இருப்பான், ஒரு கை பார்த்துவிடலாம் என்று தயாராகத்தான் நிமிர்ந்தாள். ஆனால் அந்தக் கண்களில் கோபம் இல்லை. வேண்டிய மனிதர் ஒருத்தர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டால் முகம் எப்படி ஆகுமோ, அப்படி இருந்தது அவன் முகம். முள்ளைத் தூக்கினான். நாதஸ்வரத் தட்டை எடுத்து வைத்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

*

விஷயம் இதுதான். இளையபெருமாள் அந்தத் தட்டைப் பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே கண்டெடுத்தான். மேலே ஒட்டியிருந்த காகிதம் நனைந்து உரிந்து பேர், ஊர் எதுவும் மிஞ்சவில்லை. நடு ஓட்டையோ பெரிசு. தேங்காய் ஓட்டுத் துண்டு ஒன்றைத் தேய்த்து வளையமாக்கி அதில் பொருத்தினான். அந்தத் தட்டுக்கு வேண்டிய நாற்பத்தைந்து என்ற வேகம் அவன் மெஷினில் பேருக்குத்தான் இருந்தது. பிடியை அங்கே வைத்தால் நிற்காது, வழுக்கி ஓடிவிடும். எழுபத்தெட்டில் வைத்தால் பாட்டு அணில் கத்துவது போல் கீச்சிட்டது. முப்பத்துமூன்றில் வைத்தால் ஒரு கனவான் அழுதுகொண்டே பாடினான். நீங்களாக இருந்தால் எதை எடுத்துக்கொள்வீர்கள்? அவனும் கனவானையே எடுத்துக்கொண்டான். அந்தக் கனவான் ஏன் அழுகிறான் என்று யோசித்து யோசித்து, கப்பலையும் கோட்டையையும் அவனே சேர்த்துக்கொண்டான். ஊர் அதை அப்படியே நம்பிவிட்டது.

இப்போது அதே ஊர் அவனுக்கு 'பொம்பளை துரை' என்று பேர் வைத்துவிட்டது. டீக்கடையில் கேட்டார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள். "இன்னா இளையபெருமாளு, துரைசாணிக்கு எப்ப வளைகாப்பு?" அவனும் சிரித்துவைத்தான். ஆனால் அந்தத் தட்டை அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் வைக்கவில்லை.

அமிர்தவல்லியின் வீடு செஞ்சியில். தினமும் வல்லத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் எதிரே அவன் கடை. முன்னெல்லாம் அந்தக் கடை அவள் கண்ணிலேயே பட்டதில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் படவில்லை. 'நான் சொன்னதுல இன்னா தப்பு? உண்மையத்தான சொன்னேன்...' என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டே வருவாள். கடையைத் தாண்டும்போது வக்கீல் வாயை மூடிக்கொள்வாள். சாலிடரிங் புகைக்குப் பின்னால் குனிந்திருக்கும் அந்தத் தலை ஒருமுறை நிமிராதா என்று கண் அலையும். நிமிராது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கடை முன்னால் நின்றேவிட்டாள்.

"என் மேல கோவமா?"

"கோவம் எதுக்கு நர்ஸம்மா? நீங்க சொன்னது சரிதான?"

குரலில் சூடு இல்லை, குத்தல் இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த 'சரிதான' அவளை வீடுவரைக்கும் அழவைத்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய நைனா கோவிந்தசாமி, மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவர். பெண்ணை அதட்டத் தெரியாத மனிதர். அன்றைக்குச் சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தார்.

"திண்டிவனத்துல கோர்ட்டு குமாஸ்தாவாம். வெள்ளிக்கிழமை உன்னப் பாக்க வரோம்னு சொல்லியனுப்பியிருக்காங்க. நீ சரின்னாதான் வரச் சொல்லுவேன்."

"யோசிச்சுச் சொல்றேன் நைனா."

"யோசிக்க இன்னாம்மா இருக்குது? தங்கமான பையன். இருக்கற எடம் தெரியாது. அவங்கிட்டேந்து ஒரு சத்தம் வராது."

சத்தமே வராத மாப்பிள்ளை... அமிர்தவல்லி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. புளியமரத்தில் குழாயைக் கட்டி ஊரையே செவிடாக்குகிற ஒருத்தனிடம் மனசு போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அவன் மனசில் தான் இருக்கிறோமா என்று தெரியாமல் வெள்ளிக்கிழமைக்கு எப்படிச் சரி என்பது? தெரிந்துகொள்வதும் எப்படி? அவன்தான் நிமிர்ந்தே பார்ப்பதில்லையே.

*

வல்லத்தில் மாரியம்மாள் என்று ஒரு கிழவி. போன மாதம்தான் அவள் புருஷன் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் அவருக்கு மருந்து கொடுத்து, புண் கழுவிக் கட்டியதெல்லாம் அமிர்தவல்லிதான். திங்கட்கிழமை அந்தப் பக்கம் போனபோது கிழவி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டாள்.

"தாயி, புதன்கிழம எங்கூட்டுக்காருக்குப் படையல். அவருக்கு அந்தத் துரை பாட்டுன்னா உசுரு. 'பாவம்டி, அவனும் நம்மளாட்டம் எதையோ தொலைச்சிட்டான்'னு சொல்லிக்கினே கேப்பாரு. மைக் செட்டுக்காரன்கிட்ட ஆளு வுட்டா, அந்த பிளேட்டு போடறதில்லன்னுட்டானாம். நீதான் கேக்கணும். நீதான அந்தத் துரைய ஊர வுட்டுத் தொரத்தினவ?"

"அது துரை இல்ல பெரிம்மா. பொம்பள."

"எவளா இருந்தா எனக்கு இன்னா? எங்கூட்டுக்காரு கேட்டது துரைய."

தட்டில் இருப்பது யார் என்று அமிர்தவல்லிக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் வலியோடு படுத்துக்கொண்டு கேட்டது யாரை என்று இந்தக் கிழவிக்குத்தான் தெரியும். தான் செய்தது என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை... ராஜகிரி மலையையே காணோம், கோட்டையையே காணோம், அப்படி ஒரு மழை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினாள். பாதிக் கதவு சாத்தியிருந்தது. கை வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

குழாய் இல்லை, கூட்டம் இல்லை. ரகசியம் சொல்வது மாதிரி சின்னச் சத்தத்தில், சரியான வேகத்தில்... மழைக்கு நடுவே அந்தக் குரல் இன்னும் மெலிசாக, இன்னும் கிட்டத்தில் கேட்டது. அவள் கதவைத் தள்ளினாள். இளையபெருமாள் திருடன் பிடிபட்டது போல் எழுந்து முள்ளைத் தூக்கினான்.

"வாங்க நர்ஸம்மா. நனைஞ்சிட்டீங்க... இப்பிடி உள்ள நில்லுங்க."

துடைத்துக்கொள்ளத் தன் துண்டை நீட்டினான். பிறகு அது எண்ணெய்ப் பிசுக்காக இருப்பதைப் பார்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவள் மாரியம்மாள் கேட்டதைச் சொன்னாள். ஒரே மூச்சில் சொன்னாள். இடையில் நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

"துரையே இல்லன்னு சொன்னது நீங்கதான?" என்றான் அவன், மெல்ல.

"நான்தான். அன்னிக்கு அத உங்க காதோட சொல்லியிருக்கணும். ஊரு காதுல சொல்லிட்டேன். அது தப்புதாங்க. என்ன மன்னிச்சிடுங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். எத்தனை நாளாக அவள் காத்திருந்த பார்வை... வந்தபோது தாங்க முடியாமல் அவள்தான் குனிந்துகொண்டாள். ஈரக் கூந்தலிலிருந்து சொட்டிய நீர் சிமெண்ட் தரையில் சின்னக் குளமாகிக்கொண்டிருந்தது.

"புதன்கிழம துரை வருவாருன்னு அந்தக் கெழவிகிட்ட சொல்லிடுங்க," என்றான். "பிடிய முப்பத்துமூணுல வச்சா வந்துடுவாரு. அவரு எங்கியும் போவல."

"அப்ப... இத்தினி நாளா ஏன் போடல? ஊரு சிரிக்குதுன்னா?"

"ஊரு சிரிச்சா நானும் சேந்து சிரிச்சிட்டுப் போறேன். கோவம் இருந்துது, இல்லன்னு சொல்லல. உங்கள பொய்யாக்கணும்ங்கற வீம்புலதான் இந்தப் பிடிய கழட்டி ரிப்பேர் பண்ணேன். நாப்பத்தஞ்சுல நிக்க வச்சு முழுப் பாட்டையும் கேட்டேன். பொம்பளதான்." நிறுத்தினான். மழையைப் பார்த்தான். "துரைய எந்த மரத்துல வேணா கட்டிப் பாட வுடலாம். இந்தப் பொண்ண அப்பிடி வுட மனசு வரல."

"ஏன்?"

"இன்னாத்த சொல்றது... 'ஏங்க, இது துரை இல்லீங்க'ன்னு வந்து நின்னீங்களே. அந்தக் கொரலாட்டமே இருக்குது. அத நான் எப்பிடிக் கொழாயில வப்பேன்?"

அமிர்தவல்லிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். 'கடவுளே, இவன் என்னைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தானா... நான் வெளியே இவன் தலை நிமிருமா என்று பார்த்துக்கொண்டு போகும்போது, இவன் உள்ளே...'

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்கு இங்கிலீசு தெரியுமில்ல? பாட்டுல அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?"

"சிஸ்டர் சொல்லியிருக்காங்க. அவ புருஷன் வூட்ட வுட்டுப் போயிட்டான். அவன் சட்ட ஒண்ணு மட்டும் கெடக்குது. அத திங்கக்கிழம திங்கக்கிழம தோச்சுக் கொடியில போடறா... பாக்கறவங்க அவன் வூட்டுலதான் இருக்கான்னு நெனச்சுக்கட்டும்னு."

"அப்பறம் வந்தானா?"

"பாட்டுல வரல."

"சட்டைய எடுத்துக்கினு போவக்கூட வரலியா? மடையன்."

சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"வெள்ளிக்கிழம என்னப் பொண்ணு பாக்க வராங்க. திண்டிவனம். கோர்ட்டு குமாஸ்தா."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான், எதற்கென்று தெரியாமல் மறுபடி கீழே வைத்தான்.

"கவருமெண்டு உத்தியோகம். நல்ல எடம்தான்."

"நல்ல எடம்னு நீங்க சொல்லிக் கேக்கறதுக்கா நான் இந்த மழையில வந்தேன்?"

"துரையக் கேக்கத்தான வந்தீங்க?"

"துரையக் கேக்கவும் வந்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே காதில் விழுந்தது. முகம் கொதித்தது. வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் பெஞ்சி கிறீச்சிட்டது. அவன் எழுந்து வந்து, ஒரு முழம் தள்ளி, அவளைப் போலவே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அமிர்தவல்லி..."

தன் பேர் அவனுக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

"வெள்ளிக்கிழம வேணாம்னு சொல்லிடு."

சொல்லிடுங்க இல்லை. சொல்லிடு. நர்ஸம்மாவைக் காணோம், ஒரு 'ங்க'வைக் காணோம். இரண்டே எழுத்து குறைந்ததற்கு உடம்பெல்லாம் இப்படிச் சிலிர்க்குமா என்ன... அவளுக்குச் சிலிர்த்தது.

"இன்னா சொன்னீங்க?"

அவன் பதறிப்போனான். "இல்ல... தப்பா எடுத்துக்காதீங்க... சொல்லிடுங்கன்னுதான்..."

"மொதல்ல எப்பிடிச் சொன்னீங்களோ அப்பிடியே சொல்லுங்க."

அவன் பார்த்தான். அவள் இந்தத் தடவை குனியவில்லை. பெரிய கண்கள்... மழையா கண்ணீரா என்று பிரிக்க முடியாத ஈரம் அதில். அதற்குள் சிரிப்பு வேறு.

"சொல்லிடு அமிர்தம்," என்றான் அவன். ஊருக்கெல்லாம் மைக்கில் பேசுகிறவனுக்கு இந்த ஒருத்தி முன்னால் நாக்கு உலர்ந்துபோயிற்று. "எனக்கு நீ வேணும். உங்க நைனா சம்மதிச்சாலும் சரி, மைக் செட்டுக்காரன்னு திட்டினாலும் சரி. நான் வந்து கேக்கறேன்."

"எப்ப?"

"நீ எப்ப சொல்றியோ அப்ப."

"இந்நேரம் மண்டியிலதான் இருப்பாரு."

"இப்பவா? இந்த மழையிலயா?"

"ஏன், எனக்கு நனையலியா?"

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். தலையைக் கையாலேயே கோதிக்கொண்டான். அப்புறம் சடாரென்று மழையில் இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்டித் தெருவை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான். மெஷின் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கடை ஆவென்று திறந்து கிடந்தது.

அமிர்தவல்லி உள்ளே போனாள். மெஷினை நிறுத்தினாள். விளக்கை அணைத்தாள். ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்துக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினாள்.